கேமராவுக்கு முன் வயர்: தோட்டத்துப் பட்டணத்தில் எந்த சிசிடிவி யாருக்குப் பொருந்தும்?

போன மாதம் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். பட்டணத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்கு நடுவில் இருக்கும் மாரியம்மன் கோயிலின் செயலாளர். பிள்ளைகள் வேலைக்காகக் கோலாலம்பூர் போய்விட, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீட்டில் தனியாக இருக்கும் அக்கா ஒருவர். "தம்பி, எந்த கேமரா நல்ல கேமரா?" இதுதான் கேள்வி.

பல வருடங்களாக இந்த வட்டாரத்தில் வயர் இழுக்கிறேன். இப்போது கடையில் கிடைக்கும் கேமராக்களில் பகலில் படம் மோசமாக வருவது அபூர்வம். வாங்கி ஒரு வருடம் கழித்து எது ஓடிக்கொண்டிருக்கிறது, எது நின்றுவிட்டது என்று பார்த்தால் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. படம் கேமராவிலிருந்து பதிவுப் பெட்டிக்கு எந்த வழியாக வந்து சேருகிறது என்பதுதான் அது. அந்த வழியை முதலில் தீர்மானித்துவிட்டால், கேமராவைத் தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலை. வழி தப்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் இடி மாதத்தைத் தாண்டாது.

வழிகள் நான்கு. பழைய கோஆக்ஸ் வயரும் (டிவி ஆன்டெனா வயர் மாதிரியானது) அதன் பதிவுப் பெட்டியான டிவிஆரும், நெட்வொர்க் வயரிலேயே மின்சாரமும் போகும் பிஓஇ முறையும் அதன் பதிவுப் பெட்டியான என்விஆரும், வைஃபை கேமரா, சிம் கார்டு போட்ட சோலார் கேமரா. எடை போடுவதற்கு முன் படிக்கற்களை எடுத்து வைத்துக்கொள்வோம்.

## எதை வைத்து எடை போடுவது

என்ன தெரிய வேண்டும்? ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதுமா, தெரிந்த ஆளா என்று சொல்ல வேண்டுமா, முன்பின் தெரியாதவரின் முகத்தைப் போலீசிடம் காட்ட வேண்டுமா? இந்த மூன்றும் வேறு வேறு வேலைகள். இதற்கு ஓர் அனைத்துலகக் கணக்கு இருக்கிறது. ஐஇசி 62676-4 என்ற தரநிலையின் 2014 பதிப்பு, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை புள்ளி விழ வேண்டும் என்று சொல்கிறது: ஆள் இருப்பது தெரிய 25, தெரிந்த ஆளை அடையாளம் சொல்ல 125, தெரியாத ஆளின் முகத்தை உறுதிப்படுத்த 250.

இதைக் கடை வாசலில் வைத்துப் பாருங்கள். 4 மெகாபிக்சல் கேமராவின் படம் 2560 புள்ளி அகலம். 250-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10 மீட்டர் அகலக் காட்சி வரைதான் முகம் உறுதியாகும். கடைகளில் அதிகம் விற்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் கிட்டத்தட்ட 100 பாகை விரிந்து பார்க்கும். அந்த லென்ஸுக்கு 10 மீட்டர் அகலக் காட்சி என்பது கேமராவிலிருந்து நான்கு மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். அதற்கு மேல் தள்ளி நிற்பவரின் சட்டை நிறம் தெரியும், நடை தெரியும், முகம் தெரியாது. திருட்டு நடந்த பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு செலவு செய்தும் முகம் வரவில்லையே" என்று உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழுது கேமராவில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கேமராவில் பார்த்துவிடலாம் என்று உயரத்தில் மாட்டியதில் இருக்கிறது. ஆள் நுழையும் ஒரே ஒரு இடத்தில், தலைக்குச் சற்று மேலே, குறுகிய லென்ஸில் ஒரு கேமரா கட்டாயம் வேண்டும்.

எவ்வளவு தூரம்? காலால் அளக்காதீர்கள், டேப்பால் அளங்கள். சுவர் ஏறி, கூரைக்குள் திரும்பி, இறங்கி வரும் வயரின் நீளம் நேர் தூரத்தைவிட எப்போதும் அதிகம்.

இடி. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தோட்டத்தில் உயரமான கட்டடங்கள் குறைவு, வெட்ட வெளி அதிகம். வயர் கட்டடத்தை விட்டு வெளியே போகிறதா இல்லையா என்பதை ஒரு தனிக் கேள்வியாகவே கேட்க வேண்டும்.

எத்தனை நாள் பதிவு? கணக்கு எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் நிறுத்தாமல் பதிந்தால் ஒரு நாளுக்கு 10.8 கிகாபைட். எட்டு கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்றால் நாளுக்கு 345 கிகாபைட்டுக்கு மேல், 30 நாளுக்கு 10 டெராபைட்டைத் தாண்டும். அதே எட்டு கேமராவை, படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் 2 மெகாபிட்டுக்குக் கொண்டு வந்தால் 5.2 டெராபைட். ஒரு 6 டெராபைட் டிஸ்க் போதும். கோயில் உண்டியலை மாதம் ஒரு முறைதான் திறப்பார்கள் என்றால் ஏழு நாள் பதிவு எதற்கும் உதவாது. பணம் குறைகிறது என்று தெரிய வரும்போது படம் அழிந்திருக்கும்.

இணையம் இருக்கிறதா? பட்டணத்தில் ஃபைபர் வந்துவிட்டது. தோட்டத்துக்குள் பல இடங்களில் கைப்பேசிச் சிக்னல் மட்டும்தான், அதுவும் ஒரு கோடு, இரண்டு கோடு.

பிறகு யார் பார்த்துக்கொள்வது? ஏணி ஏறித் துடைக்க, கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்திருக்க, மாதம் ஒரு முறை பதிவாகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று தெரியாமல் நான் இப்போது கொட்டேஷன் போடுவதில்லை.

## கோஆக்ஸ் வயரும் டிவிஆரும்

"அது பழசு, தூக்கிப் போடுங்கள்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பழைய அனலாக் கேமராவின் மங்கல் படம்தான் போய்விட்டது, வயர் போகவில்லை. டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்ற முறைகள் அதே கோஆக்ஸ் வயரில் 2 மெகாபிக்சல், 5 மெகாபிக்சல் படத்தை அனுப்புகின்றன. நல்ல ஆர்ஜி-59 ரக கோஆக்ஸ் வயரில் 1080 (2 மெகாபிக்சல்) படம் 300 மீட்டர் வரை போகும். கடையில் சுவருக்குள் ஏற்கெனவே வயர் ஓடியிருந்தால், கேமராவையும் டிவிஆரையும் மட்டும் மாற்றிவிட்டு ஒரே நாளில் எழுந்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே பல கடைகளுக்கு நான் இதையே சொல்கிறேன்.

இதில் சிக்கல் படத்தில் வருவதைவிட மின்சாரத்தில்தான் அதிகம் வருகிறது. ஒவ்வொரு கேமராவுக்கும் 12 வோல்ட் தனியாகப் போக வேண்டும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 100 மீட்டர் தூரத்துக்கு அரை ஆம்பியர் அனுப்பினால் வழியிலேயே 3 வோல்ட்டுக்கு மேல் தொலைந்துவிடும். பகலில் கேமரா ஓடும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது மின்சாரம் போதாமல் திரையில் கோடு கோடாக ஓடும், அல்லது கேமரா அணைந்து அணைந்து வரும்.

இன்னொன்று இணைப்பு முனை. நம் ஈரத்தில், மூடியில்லாத பெட்டிக்குள் இருக்கும் பிஎன்சி முனையில் இரண்டு வருடத்தில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு ஏறிவிடும். போன வாரம் ஒரு பெட்டியைத் திறந்தேன். முனையில் களிம்பு, பக்கத்தில் நான்கு பல்லி முட்டை, மூலையில் எறும்புப் புற்று. கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை. முனையை வெட்டிப் புதிதாக அழுத்தி, ரப்பர் மூடி போட்ட பெட்டிக்கு மாற்றியதும் படம் பளிச்சென்று வந்துவிட்டது.

வயர் ஏற்கெனவே இருக்கிறது, எல்லா கேமராவும் ஒரே கட்டடத்துக்குள், எண்ணிக்கை எட்டுக்குள் என்றால் இதுவே சிக்கனமான நல்ல முடிவு. புதுக் கட்டடத்துக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். நாளைக்கு ஒரு கேமரா கூட்ட வேண்டுமென்றால் டிவிஆர் வரைக்கும் தனி வயர் இழுக்க வேண்டியிருக்கும்.

## நெட்வொர்க் வயர், பிஓஇ, என்விஆர்

ஒரே நெட்வொர்க் வயரில் படமும் மின்சாரமும் போகிறது. வயர்மேனைக் கூப்பிட்டு ஒவ்வொரு கேமரா அருகிலும் பிளக் வைக்கச் சொல்ல வேண்டியதில்லை. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஒரு முனைக்கு 15.4 வாட் தரும், 2009-இல் வந்த 802.3ஏடி 30 வாட் தரும். 48 வோல்ட் அளவில் மின்சாரம் போவதால் 12 வோல்ட்டைப் போல வழியில் வற்றிவிடாது. நான்கு கேமராக்களை ஒரு சுவிட்சில் சேர்த்து, அங்கிருந்து ஒரே வயரைக் கொண்டுவரலாம். நாளைக்கு ஐந்தாவது கேமரா வந்தால் பக்கத்திலுள்ள சுவிட்சில் செருகினால் போதும். வளரப்போகிற இடத்துக்கு இதுதான் சரியான முறை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் எல்லை ஒன்று உண்டு: செம்பு வயரில் 100 மீட்டர். "நூற்று இருபது மீட்டர் இழுத்தேன், ஓடுகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. ஓடும். மழை நாளில் விட்டு விட்டு வரும். அப்போது யாரைக் கூப்பிடுவீர்கள்?

வயர் வாங்கும்போது செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்ட வயர் விலை குறைவு, பார்க்க அப்படியே இருக்கும். ஒரு துண்டை வெட்டிக் கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாக வந்தால் வேண்டாம். அலுமினியத்தில் மின்தடை அதிகம். பிஓஇ கேமரா தூரத்தில் இருந்தால் தள்ளாடும். வளைத்து வளைத்துக் கட்டினால் உள்ளே ஒடியும்.

அப்புறம் சுவிட்சின் மொத்த வாட். இதைப் பார்க்காமல் வாங்கி அவதிப்பட்ட ஒருவர், "தம்பி, பகலெல்லாம் நன்றாக இருக்கிறது, ஏழரை மணிக்கு மேல் கேமரா ஒவ்வொன்றாகப் போய்ப் போய் வருகிறது" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் எட்டு முனை சுவிட்ச், மொத்தமே 60 வாட். பகலில் ஒரு கேமரா 6 வாட் தின்றது, எட்டுக்கும் 48. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிய ஒவ்வொன்றும் 10 வாட்டைத் தொட்டது. 80 வாட் கேட்கிற இடத்தில் 60 கொடுத்தால் சுவிட்ச் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முனைகளை அணைக்கிறது. 120 வாட் சுவிட்ச் மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. பெட்டியில் "8 முனை பிஓஇ" என்று பெரிதாக எழுதியிருக்கும். மொத்த வாட் சின்ன எழுத்தில் இருக்கும், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கேமராவும் என்விஆரும் வேறு வேறு நிறுவனமாக இருந்தால் ஆன்விஃப் என்ற பொதுத்தரம் இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 2008-இல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கியது அது. படம் வருவதற்கும் பதிவாவதற்கும் அது போதும். ஆள் நுழைந்தால் எச்சரிப்பது போன்ற நுணுக்கமான வேலைகள் ஒரே நிறுவனப் பொருள்களில்தான் ஒழுங்காகப் பேசிக்கொள்ளும்.

### கட்டடத்துக்குக் கட்டடம்: ஃபைபரா, ரேடியோவா?

தோட்டத்தில் உண்மையான கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. மண்டபம் ஓர் இடம், வாசல் வளைவு ஓர் இடம், சமையற்கட்டு ஓர் இடம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோயிலில் மண்டபத்திலிருந்து வாசல் வரை 80 மீட்டர் நெட்வொர்க் வயரைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டேன். 100 மீட்டருக்குள் இருக்கிறது, சரி என்று நினைத்தேன். அக்டோபரில் ஒரு சாயங்காலம் நல்ல இடி. கோயிலின் மேல் இடி விழவில்லை, அருகில் எங்கோ விழுந்தது. மறுநாள் காலையில் வாசல் கேமரா இரண்டும் செத்திருந்தன. சுவிட்சைத் திறந்தால் கருகிய வாடை. என்விஆரில் நான்கு முனைகள் போய்விட்டன. நீளமான செம்பு வயர் வெட்ட வெளியில் தொங்கினால், பக்கத்தில் விழும் இடியின் வேகத்தைக்கூட அது பிடித்து இரண்டு முனையிலும் கொண்டுபோய்க் கொட்டும். அந்த வயரைக் கட்டியவன் நான். அன்றிலிருந்து இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்பு போடுவதில்லை.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. தூரமும் கிலோமீட்டர் கணக்கில் போகும். இரண்டு முனையிலும் ஒளியை நெட்வொர்க்காக மாற்றும் ஒரு சின்னப் பெட்டி வேண்டும், அவ்வளவுதான். ஒன்றைக் கவனியுங்கள்: வீடுகளுக்கு இணையம் கொண்டுவரும் மெல்லிய கறுப்பு ஃபைபர் வயரில் தாங்கிப் பிடிக்க எஃகுக் கம்பி ஓடும். அதையே வாங்கி இரண்டு பக்கமும் பெட்டிக்குள் சொருகிவிட்டால் இடிக்குப் பழைய வழியைத் திறந்துவிட்டதாகிவிடும். உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்கி, பிவிசி குழாயில் மண்ணுக்கடியில் கொண்டுபோங்கள். மண்ணுக்குள் இருந்தால் லோரி இடித்து அறுக்காது, அணில் கடிக்காது.

ரேடியோ இணைப்பு, அதாவது 5 கிகாஹெர்ட்சில் ஒன்றை ஒன்று பார்க்கும் இரண்டு ஆன்டெனா, மண்ணைத் தோண்ட முடியாத இடத்துக்கு நல்லது. நடுவில் பொதுச்சாலையோ ஓடையோ இருந்தால் வேறு வழியும் இல்லை. நேர்ப்பார்வை வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது மட்டும் போதாது. 500 மீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் அந்த நேர்க்கோட்டைச் சுற்றி இரண்டரை மீட்டர் அளவுக்கு வெற்றிடமும் வேண்டும். செம்பனை ஆண்டுதோறும் ஏறத்தாழ அரை மீட்டர் வளரும். நட்டு நான்கு வருடமான மரத்தின் தலைக்கு மேலே இன்று அழகாகத் தெரியும் வாசல், இன்னும் சில வருடத்தில் மட்டைக்குப் பின்னால் போய்விடும். ஈர மட்டை சிக்னலை இன்னும் அதிகமாகக் குடிக்கும். அதனால் நடுவில் இருக்கும் மரத்தின் வயதைக் கேட்காமல் ரேடியோவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

## வைஃபை கேமரா

டாப்போ, ஈஸ்விஸ் போன்றவை. ஒரு பிளக், ஒரு மெமரி கார்டு, கைப்பேசியில் ஒரு செயலி. பத்து நிமிட வேலை. வாடகை வீட்டுக்கும், வயதானவர்களைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகளுக்கும் இது மிகவும் உதவியான பொருள். இரண்டு பக்கமும் பேசலாம். "அம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்கலாம். வயர் இழுக்கும் தொழில் செய்கிறவன் என்பதற்காக இதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

மூன்று விஷயங்களை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒன்று, மெமரி கார்டு கேமராவுக்குள்தான் இருக்கிறது. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் போயிற்று. இரண்டு, சாதாரண கார்டு தொடர்ந்து எழுதி எழுதித் தேய்ந்துவிடும், கண்காணிப்புக்கென்றே விற்கும் கார்டை வாங்க வேண்டும். மூன்று, கிளவுட் சேவை மாதக் கட்டணம். நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 2 மெகாபிட் வேகத்தில் நாள் முழுக்க மேலே அனுப்பினால் மாதத்துக்கு 2.6 டெராபைட். அதனால்தான் இவை அசைவு இருக்கும்போது மட்டும் அனுப்புகின்றன. அசைவைக் கேமரா கவனிக்கத் தவறினால் அந்தக் காட்சி கிளவுடில் இருக்காது.

நான்கு கேமராவைத் தாண்டினால் வீட்டு ரவுட்டர் திணறும். கடைக்கோ கோயிலுக்கோ இதை மட்டும் நம்ப வேண்டாம்.

## சிம் கார்டும் சோலாரும்

மின்சாரமும் இல்லை, வயரும் போகாது, ஆனால் யாராவது நுழைந்தால் தெரிய வேண்டும் என்கிற இடம். தோட்டத்துப் பின்வழி கேட், பம்ப் வீடு, இடுகாட்டு ஓரம். அதற்கு மட்டும் இது. ஒரே கேமரா 1 மெகாபிட்டில் தொடர்ந்து அனுப்பினால் மாதம் 324 கிகாபைட் ஆகும், பல சிம் திட்டங்கள் அதற்குச் சரிப்படாது. ஆகவே இது ஆள் அசைந்தால் விழித்துக்கொண்டு சில நொடிகள் பதிந்துவிட்டுத் தூங்கும். வேகமாகப் போகும் மோட்டார் சைக்கிள் படத்துக்குள் வருவதற்குள் போய்விடுவதும் உண்டு.

மரநிழலில் சோலார் தகடு வேலை செய்யாது. அந்த இடத்தில் நின்று கைப்பேசியில் ஒரு காணொளி ஓட்டிப் பாருங்கள். நின்று நின்று வந்தால் கேமராவுக்கும் அதே கதிதான். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது. யாராவது பழைய 3ஜி கேமராவை மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கோஆக்ஸ், டிவிஆர் | பிஓஇ, என்விஆர் | வைஃபை | சிம், சோலார் |
|---|---|---|---|---|
| தூரம் | 300 மீட்டர் வரை | செம்பில் 100 மீட்டர், ஃபைபரில் கிலோமீட்டர் கணக்கு | வீட்டுக்குள் | சிக்னல் இருக்கும் இடமெல்லாம் |
| இடி | வெளி வயர் ஆபத்து | ஃபைபர் போட்டால் கட்டடங்களுக்கு நடுவே இல்லை | பிளக் வழியாக மட்டும் | குறைவு |
| நாள் முழுக்கப் பதிவு | உண்டு | உண்டு | கார்டு அளவுக்கு | இல்லை |
| இணையம் போனால் | பதிவு நிற்காது | பதிவு நிற்காது | கார்டில் மட்டும் | எச்சரிக்கை வராது |
| மாதச் செலவு | மின்சாரம் | மின்சாரம் | கிளவுட் எடுத்தால் கட்டணம் | சிம் கட்டணம் |
| பிறகு கேமரா கூட்ட | சிரமம் | எளிது | நான்கு வரை | தனித்தனி |

## கொட்டேஷனில் எழுதாத செலவுகள்

எட்டு பிஓஇ கேமரா, சுவிட்ச், என்விஆர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 வாட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 72 யூனிட் மின்சாரம். வீட்டு பில்லிலும் கோயில் பில்லிலும் இது தெரியும்.

மின்தடைக்கு ஒரு யூபிஎஸ். கடைகளில் விற்கும் சின்ன யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. 100 வாட் சுமைக்கு அரை மணி நேரம் தாங்கினால் அதிகம். திருடன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வருகிறான் என்றால் அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கு வேண்டியது. பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

டிஸ்க்கில் சிக்கனம் வேண்டாம். கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கைப் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. கண்காணிப்புக்கென்றே செய்யப்பட்டவை நாள் முழுக்க எழுதுவதைத் தாங்கும். டிஸ்க் செத்தால் பல பெட்டிகள் சத்தமில்லாமல் நேரலைப் படத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

துடைக்கும் செலவு. அகச்சிவப்பு விளக்கின் மெல்லிய சூட்டுக்கும் அதைத் தேடி வரும் பூச்சிக்கும் சிலந்தி அங்கேயே வலை கட்டும். இரவில் அந்த ஒரு நூல் திரையில் வெள்ளைக் கயிறு மாதிரி ஆடும். காற்றடித்தால் ராத்திரி முழுக்க எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், கடைசியில் எச்சரிக்கையையே அணைத்துவிடுவார்கள். கோயிலில் இன்னொன்று: கற்பூரப் புகையும் நெய்ப்பிசுக்கும். சன்னிதிக்கு எதிரே மாட்டிய உருண்டை கேமரா ஆறு மாதத்தில் மங்கிவிட்டதென்று மாற்றச் சொன்னார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து துடைத்தேன், துணி கறுப்பாகிவிட்டது, படம் தெளிந்துவிட்டது.

கடவுச்சொல்தான் எல்லாவற்றிலும் பெரிய மறைசெலவு. கேமரா போட்டவரே கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் எண் மாறினால் பெட்டியைத் தொடக்கநிலைக்குக் கொண்டுவந்து எல்லாவற்றையும் திரும்ப அமைக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதி வாங்கி, பெட்டகத்தில் வையுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிடவும் கூடாது. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் அப்படி விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கப் பிடித்து, அந்த ஆண்டு அக்டோபரில், இணையத்தளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மேல் ஏவிவிட்டது. பெரிய பெரிய இணையத்தளங்கள் அன்றைக்கு முடங்கின. ரவுட்டரில் கதவு திறந்துவைத்து வெளியிலிருந்து பார்க்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். கல்லாவின் கணினி இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து கேமரா நெட்வொர்க்கைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

## சட்டமும் பக்கத்து வீடும்

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 709, 15 நவம்பர் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிகத்துக்குப் பொருந்தும் சட்டம் அது. கடை வைத்திருப்பவர்கள் கேமரா இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று வாசலில் அறிவிப்பு வைக்க வேண்டும். வீட்டுக்கும் கோயிலுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும் வைப்பது மரியாதை. லயத்து வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். உங்கள் கேமராவில் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சன்னல் தெரிந்தால் அந்த உறவு போய்விடும். பெரும்பாலான பெட்டிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு, அவர்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டிவிடுங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகும் படத்துக்கு 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு இருக்கிறது. கணினியில் வழக்கமான பயன்பாட்டில் உருவான பதிவு இது என்று அதற்குப் பொறுப்பானவர் சான்றளிக்க வேண்டி வரும். பெட்டியின் கடிகாரம் தப்பாக இருந்தால் அங்கேயே கேள்வி கிளம்பும். ஒரு கடையில் திருட்டுப் படம் தெளிவாகக் கிடைத்தது, நேரம் மட்டும் 47 நிமிடம் பின்னால் இருந்தது. விசாரித்த போலீஸ்காரர் முதலில் கேட்டதே அதைத்தான். இணையம் இருந்தால் நேரத்தைத் தானாகச் சரிசெய்ய விடுங்கள். இல்லாவிட்டால் மாதம் ஒரு முறை கையால் திருத்துங்கள்.

## அந்த மூவருக்கும், இன்னொருவருக்கும்

மளிகைக்கடை அண்ணனுக்குக் கோஆக்ஸையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வயர் ஏழு வருடம் பழசு, சோதித்தேன், நன்றாக இருக்கிறது. டிவிஆரும் ஆறு கேமராவும் புதிது. மிச்சப்பட்ட பணத்தில் வாசலில் ஒரு குறுகிய லென்ஸ் கேமரா, கல்லாவுக்கு நேர் மேலே ஒன்று, யூபிஎஸ் ஒன்று.

தாமான் அக்காவுக்கு வைஃபை கேமரா இரண்டு. ஒன்று வரவேற்பறை, ஒன்று முன்கதவு. படுக்கையறையில் வேண்டாம் என்று அக்காவே சொன்னார். பிள்ளைகளும் அதை ஒப்புக்கொண்டார்கள். செயலியின் கணக்கை அக்காவின் பெயரில்தான் திறந்தோம், பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொடுத்தோம்.

நான்காவதாக, செம்பனைக் குலை வாங்கும் இடம் வைத்திருக்கும் ஒருவர். குலை வாங்க எம்பிஓபி (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) உரிமம் வேண்டும், யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்ற கணக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். குலைத் திருட்டு பேசப்படும் ஊரில் லோரி எண் தெளிவாகப் பதிவாவது அவருக்கே பாதுகாப்பு. எடைமேடையில் லோரி நின்றுதான் ஆக வேண்டும் என்பதால் வேலை எளிது: எண் பலகையை மட்டும் பார்க்கும் தனி பிஓஇ கேமரா, முகப்பு விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகிவிடாமல் இருக்க ஷட்டர் ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்கு. முழு இடத்தையும் பார்க்க இன்னொரு கேமரா. இரண்டு வேலையையும் ஒன்றிடம் கொடுத்தால் இரவில் எண் தெரியாது.

கோயிலுக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. மண்டபத்திலிருந்து வாசல் வளைவு 140 மீட்டர். ரேடியோ போடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார், நடுவில் நிற்கும் செம்பனைக்கு வயது ஐந்து என்றதும் விட்டுவிட்டார். பிஓஇ, வாசலுக்கு உலோகமில்லாத ஃபைபர் என்று முடிவானது. கருவறையைக் கேமரா பார்க்கக் கூடாது என்று குருக்கள் கேட்டுக்கொண்டார். உண்டியலைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி தூணில் மாட்டினோம். தைப்பூசத்துக்கு முன் வடிகால் வெட்டுவதாக இருந்தது, அதே பள்ளத்தில் குழாயையும் இறக்கிவிட்டோம், தோண்டும் கூலி மிச்சம். குழாய்க்குள் ஃபைபரோடு ஒரு நைலான் கயிற்றையும் விட்டு, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். வாசலில் இன்னொரு வயர் தேவைப்படும் நாளில் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்தால் போதும்.